பிரின்ஸ் ஆஃப் பெர்சியா: நிறைகளும் குறைகளும்

ஒரு நிலவறை. வெள்ளை உடை போட்ட சின்ன உருவம் ஒன்று உள்ளே வந்து விழுகிறது. பின்னாலேயே கம்பிக் கதவு தடாலென்று இறங்கி மூடிக்கொள்கிறது. கையில் வாள் இல்லை. என்ன செய்ய வேண்டும் என்று சொல்ல ஆளும் இல்லை. ஆனால் கடிகாரம் ஓட ஆரம்பித்துவிட்டது. இருப்பது ஒரு மணி நேரம்தான்!

1990களில் டாஸ் கம்ப்யூட்டரில் விளையாடியவர்களுக்கு இதற்கு மேல் அறிமுகம் தேவைப்படாது. பிரின்ஸ் ஆஃப் பெர்சியா. 1989ல் வெளிவந்த விளையாட்டு. அதன் கதை ரொம்பச் சின்னது. சுல்தான் போருக்காக வெளிநாடு போயிருக்கிறார். வஸீர் ஜாஃபர் ஆட்சியைப் பிடித்துக்கொள்கிறான். "என்னைக் கல்யாணம் செய்துகொள், இல்லையென்றால் சாவு" என்று இளவரசிக்கு ஒரு மணி நேரக் கெடு வைக்கிறான். அவள் நேசிக்கும் இளைஞன் நிலவறையில் கிடக்கிறான். அவன் பன்னிரண்டு நிலைகளைத் தாண்டி, கோபுரத்தில் ஜாஃபரைக் கொன்று, அவளை மீட்க வேண்டும். அவ்வளவுதான்.

இந்த விளையாட்டைப் புகழ்கிறவர்கள் நிறையப் பேர். "எரிச்சலூட்டும் கேம்" என்று மூடி வைத்தவர்களும் நிறையப் பேர். இரண்டு தரப்பும் சொல்வது உண்மை. இதன் நிறைகளும் குறைகளும் தனித்தனி இடங்களிலிருந்து வந்தவை அல்ல, ஒரே வேரிலிருந்து முளைத்தவை. அது புரிய, விளையாட்டு உருவான கதையை முதலில் பார்க்க வேண்டும்.

தம்பியை ஓடவிட்ட அண்ணன்

இதை உருவாக்கியவர் ஜோர்டான் மெக்னர். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் படிக்கும்போதே கராத்தேகா என்ற சண்டை விளையாட்டை ஆப்பிள் 2 கம்ப்யூட்டருக்காக எழுதியவர். ப்ரோடர்பண்ட் நிறுவனம் அதை 1984ல் வெளியிட்டது. நன்றாக விற்றது. மறு வருடம் பட்டம் வாங்கிய கையோடு அடுத்த விளையாட்டுக்கான வேலையைத் தொடங்கினார்.

அந்தக் காலத்து விளையாட்டுகளில் மனிதன் என்பது நாலைந்து கட்டங்களால் ஆன பொம்மை. கால் இரண்டும் கத்தரிக்கோல் மாதிரி திறந்து மூடும், அதுதான் ஓட்டம். மெக்னருக்கு அது போதவில்லை. தன் தம்பி டேவிட்டுக்கு வெள்ளை உடை போட்டு, ஒரு கார் நிறுத்துமிடத்தில் ஓடு, குதி, தொங்கு, ஏறு என்று சொல்லி வீடியோ எடுத்தார். பிறகு அந்த வீடியோவை டிவியில் நிறுத்தி நிறுத்திப் போட்டு, திரையை கேமராவில் படம் பிடித்தார். ஒவ்வொரு படத்திலும் உடலின் வெளிக்கோட்டைத் தனியாக எடுத்துக் கம்ப்யூட்டருக்குள் ஏற்றினார். இந்த முறைக்கு ரோட்டோஸ்கோப்பிங் என்று பெயர். கார்ட்டூன் படக்காரரான மாக்ஸ் ஃப்ளைஷர் 1910களிலேயே கண்டுபிடித்ததுதான். ஆனால் ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டுக்குள் ஒரு முழு மனிதனின் அசைவு இவ்வளவு வழவழப்பாக வந்தது அன்றைக்குப் பெரிய அதிசயம்.

வாள் சண்டைக்குத் தம்பி போதவில்லை. 1938ல் வந்த ராபின் ஹூட் படத்தில் எரோல் ஃப்ளின், பாசில் ராத்போன் இருவரும் மோதும் காட்சி உண்டு. அதில் சில நொடிகள் மட்டும் இருவரும் சரியாகப் பக்கவாட்டில் தெரிவார்கள். அந்தச் சில நொடிகளிலிருந்துதான் விளையாட்டின் மொத்தச் சண்டையும் பிறந்தது. பின்னணி இசையை எழுதியவர் மெக்னரின் தந்தை ஃபிரான்சிஸ். தொழிலால் அவர் ஒரு உளவியலாளர்!

நிறைகள்

முதல் நிறை, உடம்பின் கனம். மரியோ தன் உயரத்தைப் போலப் பல மடங்கு குதிப்பான், காற்றிலேயே திசை மாற்றுவான். அவன் ரப்பர் பந்து. இந்த இளைஞன் அப்படி இல்லை. ஓட ஆரம்பிக்க ஓரிரு அடி வேண்டும். நிற்கச் சொன்னால் சறுக்கிக்கொண்டு போய்த்தான் நிற்பான். பள்ளத்தின் விளிம்பை விரல்களால் பற்றித் தொங்கி, மூச்சைப் பிடித்து மேலே ஏறுவான். ஒரு மாடி உயரம் குதித்தால் ஒன்றும் ஆகாது. இரண்டு மாடி என்றால் ஓர் உயிர் குறையும். மூன்று மாடி என்றால் கதை முடிந்தது. நிஜ உடம்பு மாதிரி இருப்பதால்தான் அதற்கு அடிபடுமே என்ற பயமும் நிஜமாக வருகிறது. தரையிலிருந்து முள் பாயும் இடத்தில் விளையாடுபவரே நாற்காலியில் காலைத் தூக்கிக்கொள்வது இதனால்தான்.

இரண்டாவது, திரையின் அமைப்பு. பக்கவாட்டுப் பார்வை என்றாலும் மரியோவைப் போல இதில் திரை வழுக்கிக்கொண்டு போவதில்லை. ஒரு அறையின் ஓரத்தைத் தாண்டினால் அடுத்த அறை மொத்தமாக வந்து நிற்கும், நாடகத்தில் காட்சி மாறுவது போல. ஒவ்வொரு அறையும் ஒரு புதிர். எந்தக் கல்லை மிதித்தால் எந்தக் கதவு திறக்கும், எது மூடும், எந்தத் தளக்கல் ஆடுகிறது, அது விழுவதற்குள் ஓடிவிட முடியுமா என்று நின்று கணக்குப் போட வேண்டும்.

மூன்றாவது நிறைதான் எல்லாவற்றிலும் பெரியது. அதன் பெயர் நிழல்.

மெக்னரின் முதல் திட்டத்தில் சண்டையே கிடையாது. ஓடுவது, குதிப்பது, பொறிகளில் தப்பிப்பது மட்டும்தான். அழகாக இருந்தது, ஆனால் சுவாரசியம் குறைந்தது. சண்டை வேண்டும் என்று உடன் இருந்த தோழி டோமி பியர்ஸ் விடாமல் சொல்லிக்கொண்டே இருந்தார். மெக்னரின் பதில் எப்போதும் ஒன்றுதான்: இடமில்லை. தம்பியின் அசைவுப் படங்களே ஆப்பிள் 2வின் நினைவகத்தை நிரப்பிவிட்டன. எதிரி என்று இன்னொரு ஆளுக்குப் புதிய படங்கள் போட ஒரு மூலை கூட மிச்சமில்லை.

அப்போதுதான் ஒரு வழி தெரிந்தது. நாயகனின் படங்களையே எடுத்து, ஒரு பிட் நகர்த்தி, அதன் மேலேயே ஒரு கணக்குப் போட்டால் மினுமினுக்கும் ஒரு பேய் உருவம் கிடைக்கிறது. புதிய படம் ஒன்று கூட வேண்டாம். நாயகனுக்கு எதிரி நாயகனே!

அந்தச் சிக்கனம்தான் விளையாட்டின் உயிராகிவிட்டது. நான்காம் நிலையில் ஒரு கண்ணாடி வழியை மறிக்கிறது. ஓடிப் போய் அதன் ஊடாகப் பாய்ந்தால், மறுபக்கமாக நிழல் பிரிந்து ஓடிவிடுகிறது. அடுத்த நிலையில் அவன் குடிக்க வேண்டிய மருந்தை அவன் கண் முன்பே குடித்துவிட்டுப் போகிறது. அதற்கடுத்த நிலையில் கதவை மூடிக் கீழே விழ வைக்கிறது. பன்னிரண்டாம் நிலையில் நேருக்கு நேர் வாளோடு வந்து நிற்கிறது. வெட்டினால் வெட்டியவனுக்கே காயம் படுகிறது. என்ன செய்வது? வாளை உறையில் போட்டுவிட வேண்டும். நிழலும் வாளைப் போட்டுவிடும். இருவரும் ஓடி வந்து ஒன்றாகிவிடுகிறார்கள். அதற்குப் பிறகு வெறும் பள்ளமாகத் தெரிந்த இடத்தில் துணிந்து கால் வைத்தால் பாதை முளைக்கிறது. பக்கம் பக்கமாக வசனம் எழுதினாலும் வராத கதை இது. ஒரு வார்த்தை பேசாமல் வருகிறது.

குறைகள்

எந்த உடம்பைப் புகழ்ந்தோமோ, அதே உடம்புதான் முதல் குறையும். ஒவ்வொரு அசைவுக்கும் பல படங்கள். அந்தப் படங்கள் ஓடி முடியும் வரை விசை சொன்னபடி கேட்காது. நிற்க நினைத்துக் கையை எடுத்தாலும் அவன் இன்னும் ஓர் அடி போய்த்தான் நிற்பான். அந்த ஓர் அடியில் பள்ளம் இருந்தால்? விளையாடுபவரின் புத்தி சரியாக இருந்தும், விரல் சரியாக இருந்தும், அவன் சாகிறான். பழகிவிட்டால் இதில் ஒரு தாளம் பிடிபடும் என்பது உண்மை. ஆனால் பழகும் முன்பே விட்டுவிட்டுப் போனவர்கள் எத்தனையோ பேர்.

இரண்டாவது குறை கடிகாரம். ஒரு மணி நேரக் கெடுதான் கதைக்குப் பரபரப்பு தருகிறது, மறுப்பதற்கில்லை. ஆனால் செத்தால் அந்த நிலையின் தொடக்கத்துக்குப் போக வேண்டும், போன நிமிடங்கள் திரும்ப வராது. ஒரு நிலையை இருபது நிமிடம் தடவித் தடவி முடித்துச் சேமித்து வைத்தவர், பின்னால் எவ்வளவு நன்றாக ஆடினாலும் நேரம் போதாமல் தோற்பார். எங்கே தவறு நடந்தது என்பதும் அவருக்குத் தெரியாது. ஒரு பக்கம் 'நின்று யோசி' என்கிறது விளையாட்டு, இன்னொரு பக்கம் 'ஓடு ஓடு' என்கிறது. 1992ல் சூப்பர் நின்டெண்டோவுக்கு இதைக் கொண்டுவந்தவர்கள் நிலைகளை இருபதாக்கிக் கெடுவை இரண்டு மணி நேரமாக்கினார்கள்.

மூன்றாவது, சொல்லாமல் விட்டவை. கண்ணாடிக்குள் பாய வேண்டும் என்றோ, வாளை உறையில் போட வேண்டும் என்றோ விளையாட்டு எங்கும் சொல்லாது. தானாகக் கண்டுபிடித்தவருக்கு அது வாழ்நாள் சந்தோஷம். கண்டுபிடிக்காதவருக்கு அது வெறும் சுவர். டாஸில் 'பிரின்ஸ் மெகாஹிட்' என்று தட்டினால் நிலைகளைத் தாண்டிக் குதிக்கலாம் என்ற ரகசியம் பலருக்கும் தெரிந்திருந்ததற்கு இந்தச் சுவரும் ஒரு காரணம்.

நான்காவது, பெயரில் உள்ள பெர்சியா. விளையாட்டுக்குள் இருப்பது வரலாற்றுப் பெர்சியா அல்ல. ஆயிரத்தோரு இரவுகளிலிருந்தும் ஹாலிவுட்டிலிருந்தும் கலந்து எடுத்த ஒரு கற்பனைக் கிழக்கு. 1940ல் வந்த பாக்தாத் திருடன் படத்திலும் வில்லன் பெயர் ஜாஃபர்தான். வரலாற்றில் ஜாஃபர் என்று ஒரு வஸீர் உண்டு. பர்மக் குடும்பத்தைச் சேர்ந்தவர். பாக்தாதில் கலீபா ஹாரூன் அல் ரஷீதின் நெருங்கிய நண்பர். 803ல் அதே கலீபாவின் உத்தரவால் கொல்லப்பட்டவர். அதாவது கொடுமைக்கு ஆளானவர், கொடுமைக்காரர் அல்ல! கெட்டவனுக்கு ஒரு தலைப்பாகை, நல்லவளுக்கு ஒரு ஜன்னல் என்ற அளவில்தான் இந்தக் கற்பனை நின்றுவிட்டது. இளவரசி விளையாட்டு முழுக்க மணல் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பதைத் தவிர அநேகமாக ஒன்றும் செய்வதில்லை. அவள் அனுப்பும் வெள்ளை எலி ஒரு இடத்தில் கதவைத் திறந்து உதவுகிறது. அவளை விட அவள் எலிக்கு வேலை அதிகம்.

சந்தையில் நடந்தது

இவ்வளவு நுணுக்கமாகச் செய்ய நான்கு வருடம் ஆனது. நடுவில் மெக்னருக்குத் திரைக்கதை எழுதும் ஆசை வந்து பல மாதங்கள் விளையாட்டு கிடப்பில் கிடந்தது. அதற்குள் கீழே இருந்த தரை நகர்ந்துவிட்டது. ஆப்பிள் 2 என்பது 1977ல் வந்த இயந்திரம். விளையாட்டு வெளிவந்த 1989ல் கடைகளில் அதற்கு மரியாதை போய்விட்டது. வணிகவியல் பாடத்தில் 'பொருளின் வாழ்க்கைச் சுழற்சி' என்று ஒரு வரைபடம் வரும். அதன் கடைசிச் சரிவில் இருந்த ஒரு இயந்திரத்துக்கு, அதன் மிகச் சிறந்த விளையாட்டுகளில் ஒன்று வந்து சேர்ந்தது. பாராட்டு கிடைத்தது. வாங்க ஆள் இல்லை.

காப்பாற்றியது மற்ற இயந்திரங்கள். 1990ல் ஐபிஎம் கம்ப்யூட்டருக்கு வந்தது. அங்கும் ஆரம்பத்தில் மந்தம்தான். பிறகு ஜப்பானிலும் ஐரோப்பாவிலும் பிடித்துக்கொண்டது. 1992ல் மெக்கின்டாஷுக்கு வந்தபோது அமெரிக்காவிலும் வெற்றி. சரக்கு நல்லதாக இருந்தால் மட்டும் போதாது, எந்தக் கடையில் எந்த நாளில் வைக்கிறோம் என்பதும் முக்கியம் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடைப்பது கஷ்டம்.

பின்னால் வந்தவர்கள்

அனதர் வேர்ல்ட் (1991), ஃப்ளாஷ்பேக் (1992) போன்ற விளையாட்டுகள் இதே பாதையில் வந்தன. டூம் ரைடரில் (1996) லாரா விளிம்பைப் பிடித்துத் தொங்குவதில் இந்த இளைஞனின் சாயல் தெரியும். 1999ல் வந்த முப்பரிமாணப் பதிப்பு சரியாகப் போகவில்லை. 2003ல் யூபிசாஃப்ட் நிறுவனம் மெக்னரோடு சேர்ந்து சாண்ட்ஸ் ஆஃப் டைம் வெளியிட்டது. அதில் நாயகனின் குறுவாளுக்குக் காலத்தைப் பின்னோக்கி ஓட்டும் சக்தி உண்டு. தவறி விழுந்தால் நேரத்தைத் திருப்பி மறுபடி குதிக்கலாம். பழைய விளையாட்டு தன் கடிகாரத்தால் செய்த கொடுமைக்குப் பதினான்கு வருடம் கழித்துக் கிடைத்த பதில் என்றே இதைச் சொல்லலாம். 2024ல் வந்த தி லாஸ்ட் கிரௌன் மறுபடியும் பழைய பக்கவாட்டுப் பார்வைக்கே திரும்பியது.

மூல விளையாட்டின் நிரலே பல வருடம் காணாமல் போயிருந்தது. 2012ல் மெக்னரின் தந்தை வீட்டு அலமாரியில் ஒரு பெட்டியைக் கண்டெடுத்தார். உள்ளே பழைய பிளாப்பிகள். இருபது வருடத்துக்கு மேல் கிடந்த பிளாப்பி என்றால் காந்தப் பதிவு அழிந்துபோயிருக்க எல்லா வாய்ப்பும் உண்டு. பழைய இயந்திரங்களைப் பாதுகாக்கும் ஆர்வலர்கள் வந்து, ஒவ்வொன்றாகப் படித்து மீட்டார்கள். அந்த ஏப்ரல் மாதமே மெக்னர் நிரல் முழுவதையும் இணையத்தில் எல்லோரும் பார்க்கும்படி வைத்துவிட்டார். இன்றைக்கு யார் வேண்டுமானாலும் திறந்து, நிழல் எந்த வரியில் பிறக்கிறது என்று பார்க்கலாம்.

குறைகளை எல்லாம் நீக்கி இந்த விளையாட்டை மறுபடி செய்தால் எப்படி இருக்கும்? விசை உடனே கேட்டால் உடம்பின் கனம் போய்விடும். கடிகாரத்தை எடுத்தால் பயம் போய்விடும். நினைவகம் தாராளமாக இருந்திருந்தால் நிழலே பிறந்திருக்காது, அந்த இடத்தில் பத்தோடு பதினொன்றாக இன்னொரு காவலாளி நின்றிருப்பான். இளவரசிக்கு ஒரு வேலை கொடுப்பது மட்டும் அன்றைக்கே செய்திருக்கக் கூடியது. அதற்கு நினைவகம் தடையில்லை.