தெருவின் இந்தப் பக்கம்

ஹாம்பர்க்கில் ஷுல்ட்டர்பிளாட் என்று ஒரு தெரு இருக்கிறது. 1892-இல் அது ஓர் எல்லைக்கோடு. ஒரு பக்கம் ஹாம்பர்க், ஜெர்மன் பேரரசுக்குள் தனக்கென்று செனட்டும் சட்டசபையும் வைத்திருந்த வணிகர்களின் குடியரசு. எதிர்ப்பக்கம் ஆல்டோனா, பிரஷ்ய அரசுக்கு உட்பட்ட ஊர். நடந்து போகிறவருக்கு எந்த வித்தியாசமும் தெரிந்திருக்காது. ஒரே மண், ஒரே காற்று, ஒரே மாதிரி கூலி வேலை. தண்ணீர்க் குழாய் மட்டும்தான் வேறு.

அந்த ஆண்டு ஆகஸ்டில் காலரா வந்தது. சில வாரங்களுக்குள் ஹாம்பர்க்கில் ஏறக்குறைய 17,000 பேருக்கு நோய், சுமார் 8,600 பேர் சாவு. ஆல்டோனாவில் செத்தவர்கள் 300 பேருக்குக் கொஞ்சம் மேல். ஆல்டோனா சின்ன ஊர்தானே என்று கேட்கலாம். ஆயிரம் பேருக்கு எத்தனை பேர் என்று பார்த்தாலும் ஹாம்பர்க்கில் 13, ஆல்டோனாவில் 2. அந்த இரண்டு பேரிலும் பலர் தினமும் வேலைக்கு ஹாம்பர்க் போய் வந்தவர்கள்.

இதைவிட ஆச்சரியம் ஒன்று உண்டு. அதே தெருவை ஒட்டி ஹாம்பர்க் எல்லைக்குள் தொழிலாளர் குடியிருப்பு ஒன்று இருந்தது. சில நூறு பேர் நெருக்கியடித்து வாழ்ந்த இடம். இடத்தின் அமைப்பு காரணமாக அதற்கு மட்டும் ஆல்டோனா குழாயிலிருந்து தண்ணீர் கொடுத்திருந்தார்கள். சுற்றிலும் ஆட்கள் விழுந்துகொண்டிருக்க, அங்கே ஒருவருக்கும் காலரா வரவில்லை.

என் தொழிலில் இதை ஏ/பி டெஸ்டிங் என்போம். எல்லாவற்றையும் ஒரே மாதிரி வைத்துக்கொண்டு ஒன்றை மட்டும் மாற்றி, விளைவு எப்படி மாறுகிறது என்று பார்ப்பது. ஹாம்பர்க்கில் யாரும் திட்டமிடாமலே, மனித உயிர்களை வைத்து, அப்படி ஒரு சோதனை நடந்து முடிந்துவிட்டது.

இரண்டு ஊர்களும் குடித்தது ஒரே எல்பே நதியின் தண்ணீரைத்தான். 1842-இல் பெரும் தீ விபத்தில் ஹாம்பர்க்கின் மையப்பகுதி எரிந்து போனபின், வில்லியம் லிண்ட்லி என்ற ஆங்கிலேயப் பொறியாளர் புதிய சாக்கடைகளையும் குடிநீர்க் குழாய்களையும் அமைத்தார். அன்றைய ஐரோப்பாவில் அது முன்மாதிரியான வேலை. ஒன்றுதான் குறை. நதியிலிருந்து இறைத்த தண்ணீரைத் தொட்டியில் கொஞ்ச நேரம் தெளியவிட்டு, அப்படியே ஊருக்குள் அனுப்பினார்கள். வடிகட்டவில்லை. மணல் வடிகட்டி வேண்டும் என்று லிண்ட்லியே சொல்லியிருந்தார். எல்பேயில் கடல் ஏற்றம் ஹாம்பர்க்கையும் தாண்டி மேலே வரும். ஊரின் கழிவு கீழே போவதற்குப் பதில், ஏற்றத்தோடு திரும்பித் தண்ணீர் எடுக்கும் இடத்துக்கே வந்துவிடும்.

ஆல்டோனாவின் நிலைமை இன்னும் மோசம். அது தண்ணீர் எடுத்த பிளாங்கனேஸ, ஹாம்பர்க்குக்குக் கீழே இருந்தது. ஹாம்பர்க்கின் மொத்தச் சாக்கடையும் கலந்தபின் வரும் நதி. வேறு வழியில்லாமல் 1859-லேயே மணல் வடிகட்டி கட்டினார்கள். ஆக, அதிக அழுக்கான தண்ணீரை எடுத்தவர்கள் பிழைத்தார்கள்.

ஹாம்பர்க்காரர்களுக்கு இது தெரியாமல் இல்லை. 1885-இல் கார்ல் கிரேப்லின் என்ற விலங்கியலாளர் அந்த நகரத்துக் குடிநீர்க் குழாய்களுக்குள் வாழும் உயிரினங்களைப் பற்றி ஓர் ஆய்வே வெளியிட்டார். புழு, நத்தை, மீன், விலாங்கு என்று பட்டியல் நீளும்.

அப்புறம் ஏன் கட்டவில்லை? பணம். பணம் இல்லை என்பதல்ல. ஐரோப்பாவின் பெரிய துறைமுகங்களில் ஒன்று அது. யார் கொடுப்பது என்பதுதான் தகராறு. ஹாம்பர்க் சட்டசபையில் 160 இடங்கள். அதில் 40 வீட்டுச் சொந்தக்காரர்களுக்கு ஒதுக்கப்பட்டவை, 40 நீதிபதிகள், அதிகாரிகள் போன்ற பெரிய மனிதர்களுக்கு. மிச்சம் 80 இடங்களுக்கும் வாக்களிக்கும் உரிமை, ஆறு லட்சம் பேர் வாழ்ந்த நகரத்தில் சிறுபான்மைக்குத்தான். வடிகட்டி கட்டும் செலவை வரியாக வசூலிப்பதா, வீட்டுக்கு வீடு மீட்டர் வைப்பதா என்று பேச்சு வருடக்கணக்கில் இழுத்தது. கடைசியில் 1890-இல் ஒப்புதல் கிடைத்தது. 1892 ஆகஸ்டில் வேலை பாதியில் நின்றது.

தள்ளிப்போட ஒரு அறிவியலும் கைவசம் இருந்தது. மியூனிக்கின் மாக்ஸ் ஃபான் பெட்டன்கோஃபர் அன்றைய சுகாதாரத் துறையின் பெரிய பெயர். காலராக் கிருமி மட்டும் நோயை உண்டாக்காது, ஓர் ஊரின் மண்ணும் நிலத்தடி நீரும் அதற்கு இடம் கொடுக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. ராபர்ட் கோஹ் 1884-இலேயே கல்கத்தாவில் நோயாளிகளின் உடலிலும், மக்கள் புழங்கிய குளத்துத் தண்ணீரிலும் அந்தக் கிருமியைக் கண்டிருந்தார். ஆனால் தண்ணீர்தான் காரணம் என்று ஒப்புக்கொண்டால் உடனே செலவு செய்ய வேண்டும். மண்தான் காரணம் என்றால் அவசரமில்லை. எந்தக் கொள்கை ஹாம்பர்க் அதிகாரிகளுக்குப் பிடித்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

ஆகஸ்ட் மத்தியிலேயே ஆட்கள் சாகத் தொடங்கியும் காலரா என்ற வார்த்தையை அரசு உடனே வாயில் எடுக்கவில்லை. சொன்னால் துறைமுகம் முடங்கும். அந்த நாட்களில் ஹாம்பர்க்கிலிருந்து கிளம்பிய மொராவியா கப்பல் நோயையும் ஏற்றிக்கொண்டே நியூயார்க் போனது. பெர்லினிலிருந்து கோஹ் வந்து சேர்ந்தது ஆகஸ்ட் 24. துறைமுகத்தை ஒட்டிய சந்துகளைச் சுற்றிப் பார்த்தவர், தான் ஐரோப்பாவில் இருப்பதையே மறந்துவிட்டதாகச் சொன்னார். பழி, அமெரிக்கா போவதற்காக அங்கே காத்திருந்த ரஷ்ய, யூத அகதிகள் மேல் விழுந்தது. கிருமி அவர்களோடு வந்திருக்கலாம். ஆனால் அதை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்தது நகராட்சிக் குழாய்.

எல்லா வீட்டிலும் ஒரே தண்ணீர்தான் வந்தது. ஆனாலும் வருமானம் குறையக் குறையச் சாவு விகிதம் கூடியது. தண்ணீரைக் கொதிக்க வைக்க விறகு வேண்டும், நேரம் வேண்டும், ஆள் வேண்டும். ஒரே கழிப்பறையைப் பல குடும்பங்கள் பகிர்ந்தால், கொதிக்க வைத்தும் தப்புவது கஷ்டம்.

அக்டோபர் 7-ஆம் தேதி 73 வயது பெட்டன்கோஃபர் காலராக் கிருமி நிறைந்த திரவத்தைக் குடித்துக் காட்டினார். லேசான வயிற்றுப்போக்கோடு தப்பினார். தான் வென்றதாகவே நினைத்தார். அவரைக் கோமாளி என்று ஒதுக்கிவிட முடியாது. மியூனிக்கின் சாக்கடையும், மலையடிவாரத்திலிருந்து வந்த நல்ல தண்ணீரும் அவருடைய வற்புறுத்தலுக்கு நிறையக் கடன்பட்டவை. தவறான கொள்கையை நம்பியவர் ஒரு ஊரைச் சுத்தம் செய்தார். சரியான விடை தெருவுக்கு எதிரிலேயே இருந்த ஊர் 33 வருடம் சும்மா இருந்தது.

ஹாம்பர்க்கின் வடிகட்டி 1893 மே மாதம் அவசர அவசரமாகத் திறக்கப்பட்டது. ஆனால் கட்டியவுடன் முடிந்துபோகிற வேலை இல்லை இது. மணல் வடிகட்டியில் வேலை செய்வது மணல் மட்டும் இல்லை. தண்ணீர் மெதுவாக, மணிக்குப் பத்து சென்டிமீட்டர் அளவில் இறங்க இறங்க, மணலின் மேல் நுண்ணுயிர்கள் சேர்ந்து பிசுபிசுப்பான ஒரு படலம் உருவாகும். ஜெர்மானியர்கள் இதை அழுக்குப் போர்வை என்கிறார்கள். கிருமிகளைப் பெரும்பாலும் பிடிப்பது இந்தப் போர்வைதான். புத்தம் புது மணல் அவ்வளவு உதவாது. படலம் தடித்து அடைத்துக்கொண்டால் சுரண்டி எடுக்க வேண்டும், மறுபடி வளரும்வரை காத்திருக்க வேண்டும். 1893 ஜனவரியில் கடுங்குளிரில் ஆல்டோனாவின் வடிகட்டிகள் உறைந்து, இந்தச் சுழற்சி கெட்டது. ஆகஸ்டில் தப்பிய ஆல்டோனாவில் அந்தக் குளிர்காலத்தில் காலரா வந்தது. வடிகட்டிய நீரில் ஒரு மில்லிலிட்டருக்கு 100 கிருமிகளுக்கு மேல் இருக்கக் கூடாது, தினமும் எண்ண வேண்டும் என்று கோஹ் வற்புறுத்தியது இந்த அனுபவத்தில்தான்.

உரிமையின் கதையும் இப்படித்தான். காலராவுக்குப் பிறகு 1896-இல் ஹாம்பர்க் வாக்குரிமையைக் கொஞ்சம் தளர்த்தியது. தொழிலாளர் கட்சி சட்டசபைக்குள் வரத் தொடங்கியதும் 1906-இல் மறுபடி இறுக்கியது. குழாய்த் தண்ணீரைப் பற்றி முடிவெடுக்கும் அறையில் அதைக் கொதிக்க வைக்க முடியாதவர்களுக்கு இடம் கிடைப்பது, வடிகட்டி கட்டுவதைவிடக் கடினமாக இருந்திருக்கிறது.

எல்பே நடுவே கால்டஹோஃப தீவில் இருந்த அந்த வடிகட்டித் தொட்டிகள் 1990 வரை வேலை செய்தன. இப்போது அங்கே அருங்காட்சியகம். பார்ப்பதற்குப் பெரிதாக ஒன்றுமில்லை. வரிசையாகச் சதுரத் தொட்டிகள், கொஞ்சம் தண்ணீர், பறவைகள். தொண்ணூற்று ஏழு வருடம் அவை செய்த வேலையின் விளைவு எங்கேயும் கண்ணுக்குத் தெரியாது. காலரா வராமல் போன வீடுகளின் பட்டியலை யாரும் எழுதி வைப்பதில்லை.