கல்லுக்கும் உண்டு சான்றுத் தொடர்

கடலூர் மாவட்டத்துக் கோயிற்கலை என்றதும் சிதம்பரமே நம் நினைவில் முந்தும். எனினும், அதன் மேற்கேயுள்ள விருத்தாசலத்தில் நிகழ்ந்ததொன்று வரலாறு பயில்வோர் அனைவருக்கும் பாடமாகும்.

அவ்வூர் விருத்தகிரீசுவரர் கோயிலின் சுவர் மாடத்தில் சோழர் காலத்து அர்த்தநாரீசுவரர் கற்சிலை ஒன்று இருந்தது. அது களவு போய், நியூயார்க் வணிகர் சுபாஷ் கபூர் வழியாக 2004இல் ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் கலைக்கூடத்தை அடைந்தது. உரிமைத் தாள்களும் உடன் சென்றன. அவற்றின் பொய்ம்மையைக் காட்டிய சான்றுகளுள் தலையாயது ஒரு நிழற்படம். புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார், சிலை மாடத்தில் இருந்த காலத்திலேயே அதனை எடுத்து வைத்திருந்தனர். 2014 செப்டம்பரில் ஆஸ்திரேலியப் பிரதமர் டோனி அபட் புதுதில்லியில் அச்சிலையைத் திருப்பி அளித்தார்.

அரபுக் கல்வியில் ஒரு செய்தியை ஏற்குமுன் அதன் அறிவிப்பாளர் தொடரை, அதாவது இஸ்னாதை, ஆராய்வர். ஒரு கண்ணி அறுந்தாலும் செய்தி வலுவிழக்கும். அருங்காட்சியகப் பொருளுக்கும் அதுவே அளவுகோல். எவ்வூரிலிருந்து, எவர் கைவழியே வந்தது என்னும் வினாவுக்குக் கலையழகு விடையாகாது.

கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் இடையே பரங்கிப்பேட்டையில் பழம் பள்ளிவாசல்களும் தர்காக்களும் உள்ளன. அங்குள்ள கல்லையும் எழுத்தையும் இன்றே படமெடுத்துப் பதிந்து வைப்போமாக. களவு போனபின் தேடினால் சான்று கிடைக்குமா?