கேப்டன் ஜேக்கப் கண்ட கோள்



1986-ல் ஒன்பதாம் வகுப்புக்குச் சூரியக் குடும்பம் நடத்திக்கொண்டிருந்தேன். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பையன் எழுந்து, "சார், மத்த நட்சத்திரத்துக்கும் கிரகம் இருக்குமா?" என்றான். "பரீட்சைக்கு வராததைக் கேட்காதே, உட்கார்" என்றேன். எனக்கே விடை தெரியாது என்பதுதான் உண்மை.

அதற்கு 131 ஆண்டுகளுக்கு முன்பே நம் சென்னையில் ஒருவர் அதே கேள்விக்கு விடை தேடியிருக்கிறார். நுங்கம்பாக்கத்தில், இன்று வானிலை மையம் இருக்கும் வளாகத்தில், கிழக்கிந்தியக் கம்பெனி 1792-ல் கட்டிய வானாய்வகம் இருந்தது. பழைய கருவியைத் தாங்கிய கருங்கல் தூண் இன்னும் அங்கே நிற்கிறது. அதில் தமிழிலும் எழுத்துப் பொறித்திருக்கிறார்கள்.

அந்த ஆய்வகத்தின் தலைவர் கேப்டன் வில்லியம் ஸ்டீபன் ஜேக்கப், 70 ஓஃபியூக்கி என்ற இரட்டை நட்சத்திரத்தை அளந்தார். இரண்டும் ஒன்றையொன்று சுற்றிவர ஏறத்தாழ 88 ஆண்டுகள். இரண்டு சிறுமிகள் கைகோத்துத் தட்டாமாலை சுற்றுவதை நினைத்துக்கொள்ளுங்கள். ஒருத்தி இடுப்பில் கைக்குழந்தை இருந்தால் சுற்று கொஞ்சம் கோணும் அல்லவா? நட்சத்திரங்கள் கணக்குப்படி போகாததைப் பார்த்த ஜேக்கப், கண்ணுக்குத் தெரியாத ஒரு கோள் இழுக்கிறது போலும் என்று 1855-ல் எழுதினார். 'நிச்சயம்' என்று சொல்லவில்லை, வாய்ப்பு அதிகம் என்றுதான் சொன்னார். அந்த நிதானம் எனக்குப் பிடிக்கும்.

பின்னாளில் அமெரிக்கர் தாமஸ் சீ அதையே அடித்துச் சொன்னார். அப்படியொரு பாதை நிலைக்காது என்று 1899-ல் மோல்டன் கணக்குப் போட்டுக் காட்டிவிட்டார். ஜேக்கப்பின் கோள் இன்றுவரை உறுதியாகவில்லை. அளவில் நேர்ந்த சிறு பிழைகளே கோளாகத் தெரிந்திருக்கின்றன.

ஆனால் யோசனை தப்பில்லை. 1995-ல் மிஷேல் மேயரும் திதியே கேலோவும் பிரான்ஸிலிருந்து 51 பெகாசி நட்சத்திரத்தின் ஒளியை ஆராய்ந்தார்கள். அது நொடிக்குச் சுமார் 56 மீட்டர் வேகத்தில் முன்னும் பின்னும் அசைந்தது. வியாழனில் பாதி எடையுள்ள ஒரு கோள், நாலேகால் நாளில் அதைச் சுற்றி இழுத்துக்கொண்டிருந்தது! 2019-ல் இருவருக்கும் நோபல் பரிசு. பல்வேறு முறைகளில் கண்ட இத்தகைய கோள்கள் இன்று 5,000-ஐத் தாண்டிவிட்டன.

அன்று கேள்வி கேட்ட தம்பி, இதைப் படித்தால் எனக்கு ஒரு போன் போடு. இருக்குப்பா.