எண் மட்டும் பொறித்த சின்னங்கள்

மாணவத் தலைவிகளாக இருந்தவர்களுக்கு நினைவிருக்கும். வருட முடிவில் சின்னத்தைக் கழற்றி ஒப்படைத்துவிட வேண்டும். அடுத்த வருடம் அது இன்னொருத்தியின் சட்டையில் மின்னும். பெயர் இல்லாத சின்னம். எமக்கு முன்னர் அதை அணிந்தவள் யாரென்று அது சொல்லாது. இப்படிப் பெயரில்லாத, ஆனால் பின்புறத்தில் ஓர் எண்ணுள்ள ஒரு சின்னத்தின் கதையை இங்கு எழுத விரும்புகிறேன்.

முதலாம் உலகமகா யுத்தத்தில் காயத்தாலோ நோயாலோ படையிலிருந்து விலக்கப்பட்டவர்களுக்கென 1916 செப்டெம்பரில் ஐந்தாம் ஜோர்ஜ் மன்னர் ஒரு வெள்ளிச் சின்னத்தை ஏற்படுத்தினார். நடுவில் மன்னரின் எழுத்துகளும் முடியும். சுற்றிலும் மன்னருக்கும் பேரரசுக்கும் சேவையாற்றியவர் என்ற பொருளில் வாசகம். சாதாரண உடையின் வலது மார்பில் அணிய வேண்டும். ஏறத்தாழ 11½ இலட்சம் சின்னங்கள் வழங்கப்பட்டன.

ஏன் இப்படியொன்று தேவைப்பட்டது? இதற்கான பதில் பெண்களாகிய எமக்குப் பெருமை தருவதல்ல. 1914 ஓகஸ்டில் ஃபோக்ஸ்ரன் நகரில் ஓய்வுபெற்ற கடற்படைத் தளபதி சார்ள்ஸ் ஃபிற்ஸ்ஜெரல்ட் 30 பெண்களைத் திரட்டி, சீருடையில்லாத இளைஞரின் கையில் வெள்ளை இறகைத் திணிக்கச் செய்தார். வெள்ளை இறகு என்றால் கோழை என்று பொருள். வழக்கம் நாடெங்கும் பரவியது. நுரையீரல் கெட்டு வீடு திரும்பியவனுக்கும், சட்டைக்குள்ளே தழும்பை மறைத்திருந்தவனுக்கும் தெருவில் இறகு கிடைத்தது. கேட்பவளுக்குக் காட்ட அவனிடம் ஏதாவது இருக்க வேண்டியிருந்தது.

அந்தச் சின்னம் இன்று ஒரு பழைய பெட்டியிலிருந்து கிடைத்தால் உரியவரைக் கண்டுபிடிக்கலாமா? பெரும்பாலும் முடியும். யுத்தப் பதக்கங்களின் விளிம்பில் சிப்பாயின் பெயரே வெட்டப்பட்டிருக்கும். இதில் எண் மட்டுமே. பலர் அதைப் படையிலக்கம் என்று எண்ணி ஏமாறுகிறார்கள். அது சின்னத்தின் பதிவெண்; இரண்டுக்கும் தொடர்பில்லை. எண்ணுக்கு முன் எழுத்து இருந்தால் முதலில் அதைக் கவனிக்க வேண்டும்: A அவுஸ்திரேலியா, C கனடா, SA தென்னாபிரிக்கா.

வழங்கல் பட்டியல்கள் இலண்டன் கியூவிலுள்ள தேசிய சுவடிக்கூடத்தில் உள்ளன. ஓர் ஆளுக்கு ஒரு வரி. எண், பெயர், பதவி, படைப்பிரிவு, சேர்ந்த திகதி, விலகிய திகதி, காரணம். காரணம் பெரும்பாலும் ஒரே சொல்: காயம் அல்லது நோய். தேய்ந்த வெள்ளியில் 3ஐ 8 என வாசித்துவிட்டால் வேறொருவரின் குடும்பத்துக்குப் போய்ச் சேருவோம். அதனால் உருப்பெருக்கிக் கண்ணாடியும் பொறுமையும் தேவை.

இந்த ஒரு வரிக்கு இத்தனை மதிப்பு வந்ததற்கு இன்னொரு யுத்தமும் காரணம். 1940 செப்டெம்பரில் ஜேர்மன் குண்டுவீச்சில் இலண்டனிலிருந்த யுத்த அலுவலகக் களஞ்சியம் எரிந்தது. முதல் யுத்தச் சிப்பாய்களின் சேவைக் கோவைகளில் பாதிக்கும் மேற்பட்டவை அழிந்தன. கடல் கடந்து சென்றவருக்குப் பதக்க அட்டையாவது உண்டு. பயிற்சி முகாமிலேயே நோயுற்று விலக்கப்பட்டவருக்கு யுத்தப் பதக்கம் எதுவும் இல்லை. சின்னம் மட்டுமே கிடைத்தது. கோவையும் எரிந்திருந்தால், அவர் படையில் இருந்தார் என்பதற்கு அந்த வரியே பெரும் சாட்சி.

1918இல் தாதியரும் பெண் உதவியாளர்களும் இச்சின்னத்துக்கு உரித்துடையவர்களானார்கள். ஆகவே தேடுபவர் "அவன்" என்று தொடங்கிவிடக் கூடாது. தெருவில் இறகு நீட்டிய தலைமுறையைச் சேர்ந்த பெண்களே இதனையும் அணிந்தார்கள்.

தொலைந்த சின்னத்துக்குப் பதில் சின்னம் கொடுக்கப்படவில்லை. யாரேனும் அதைக் கண்டெடுத்துப் பொலிஸில் கொடுத்தால், எண்ணைப் பார்த்து உரியவருக்கு அனுப்பும் ஏற்பாடு இருந்தது. இன்று அந்த வேலையைப் பேரப்பிள்ளைகளும் சேகரிப்பாளர்களும் செய்கிறார்கள். பெயர் தெரிந்ததும் அதை ஒரு சிறு தாளில் எழுதிச் சின்னத்துடன் பெட்டியில் வைத்துவிடுவது நல்லது. இல்லாவிட்டால் அடுத்து அதை எடுப்பவர் மறுபடியும் 11½ இலட்சம் பேருக்குள் தேட வேண்டியிருக்கும்.