ஹைபிரிட் எஸ்யூவி: பெட்ரோல் கணக்கா, பத்தாண்டுக் கணக்கா?

ஞாயிற்றுக்கிழமை மாலை தேக்கா நிலையத்தின் வாகன நிறுத்துமிடத்திற்குள் நுழைய வரிசை பிடித்து நிற்கும் கார்களில் சில, சத்தமே இல்லாமல் ஊர்ந்துகொண்டிருக்கும். அந்த நேரத்தில் அவற்றின் பெட்ரோல் இயந்திரம் அணைந்திருக்கும். மின்சார மோட்டார்தான் காரை நகர்த்தும். நின்று நின்று போகும் சிராங்கூன் சாலை நெரிசலில்தான் ஹைபிரிட் காரின் பலம் நன்றாகத் தெரியும்.

வயதான பெற்றோர் ஏறி இறங்க வசதியான உயரம், பிள்ளைகளுக்கும் பைகளுக்கும் போதிய இடம், அதோடு பெட்ரோலும் மிச்சம் என்ற எண்ணம். இவை ஒன்றுசேரும்போது, சொகுசு ஹைபிரிட் எஸ்யூவி பக்கம் குடும்பங்களின் கவனம் திரும்புவது இயல்பே. ஆனால் சிங்கப்பூரில் இத்தகைய காருக்கு ஆகும் மொத்தச் செலவில் பெட்ரோலின் பங்கு சிறியது. அது தெரியாமல் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டால், குடும்பச் சேமிப்புக்கே பாரமாகிவிடும்.

மூன்று வகை ஹைபிரிட்

1997 டிசம்பரில் ஜப்பானில் விற்பனைக்கு வந்த டொயோட்டா பிரியஸ், ஹைபிரிட் தொழில்நுட்பத்தைப் பரவலாக்கியது. 2005ல் லெக்சஸ் ஆர்எக்ஸ் 400எச் அதைச் சொகுசு எஸ்யூவிக்குக் கொண்டுவந்தது. இன்று ‘ஹைபிரிட்’ என்ற ஒரே பெயரில் மூன்று வகைக் கார்கள் விற்கப்படுகின்றன.

‘மைல்ட் ஹைபிரிட்’ காரில் சிறிய மோட்டார் இயந்திரத்திற்குக் கைகொடுக்கும். பொதுவாக மோட்டாரால் மட்டும் கார் ஓடாது. ‘முழு ஹைபிரிட்’ குறைந்த வேகத்தில் மின்சாரத்திலேயே ஓடும். பிரேக் பிடிக்கும்போது வீணாகும் ஆற்றலை மின்சாரமாக்கி மின்கலனில் சேமிக்கும். வெளியிலிருந்து மின்னூட்டம் தேவையில்லை. ‘பிளக்-இன் ஹைபிரிட்’ காரில் பெரிய மின்கலன் உண்டு. அதற்கு மின்னூட்டம் செய்தால்தான் பலன். புளோக் அருகே மின்னூட்டி இல்லாதவர், கனமான மின்கலனைச் சுமந்துகொண்டு பெட்ரோலிலேயே ஓட்ட நேரிடும்.

விலை எப்படி ஏறுகிறது

காரின் இறக்குமதி விலையை ஒட்டிக் கணக்கிடப்படும் ‘ஓஎம்வி’ எனும் சந்தை மதிப்பு 50,000 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். அதில் 20 விழுக்காடு கலால் வரி: 10,000 வெள்ளி. இரண்டும் சேர்ந்த தொகைக்கு 9 விழுக்காடு பொருள் சேவை வரி: 5,400 வெள்ளி. பதிவுக் கட்டணம் 350 வெள்ளி.

பெரிய தொகை அடுத்து வருகிறது. 2023 பிப்ரவரியில் மாற்றப்பட்ட ‘ஏஆர்எஃப்’ எனும் கூடுதல் பதிவுக் கட்டணப்படி, சந்தை மதிப்பில் முதல் 20,000 வெள்ளிக்கு 100 விழுக்காடு, அடுத்த 20,000 வெள்ளிக்கு 140 விழுக்காடு, அதற்கடுத்த 20,000 வெள்ளிக்கு 190 விழுக்காடு செலுத்த வேண்டும். நம் 50,000 வெள்ளிக் காருக்கு அது 67,000 வெள்ளி. ஆக, வாகன உரிமைச் சான்றிதழுக்கு முன்பே 132,750 வெள்ளி ஆகிவிட்டது.

1990ல் தொடங்கிய சிஓஇ முறையில், 1,600 சிசிக்கு மேற்பட்ட அல்லது 97 கிலோவாட்டுக்கு மேல் திறன்கொண்ட பெட்ரோல், ஹைபிரிட் கார்கள் பி பிரிவில் வரும். சொகுசு எஸ்யூவிகள் பெரும்பாலும் இதில்தான் அடங்கும். 2023 அக்டோபரில் பி பிரிவுக் கட்டணம் 150,001 வெள்ளியைத் தொட்டது. கணக்கு எளிதாக இருக்க 120,000 வெள்ளி என்று வைத்தாலும், காரின் அடிப்படைச் செலவு 252,750 வெள்ளி. இதற்கு மேல்தான் முகவரின் லாபம்.

ஓஎம்வி 20,000 வெள்ளியைத் தாண்டினால், சிங்கப்பூர் நாணய ஆணைய விதிப்படி கார் விலையில் 60 விழுக்காடு வரையே கடன் பெறலாம்; அதிகபட்சம் ஏழு ஆண்டுகளில் அடைக்க வேண்டும். அப்படியென்றால், முன்பணமாக மட்டும் 100,000 வெள்ளிக்கு மேல் கையில் இருக்க வேண்டும்.

பெட்ரோலில் எவ்வளவு மிச்சம்?

ஆண்டுக்கு 15,000 கிலோமீட்டர் ஓட்டும் குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். சாதாரண பெட்ரோல் எஸ்யூவி லிட்டருக்கு 10 கிலோமீட்டரும் ஹைபிரிட் 16 கிலோமீட்டரும் தந்தால், ஆண்டில் சுமார் 560 லிட்டர் மிச்சமாகும். லிட்டர் 2.80 வெள்ளி என்று கணக்கிட்டால் அது ஏறக்குறைய 1,570 வெள்ளி. நல்ல தொகைதான்.

ஆனால் 120,000 வெள்ளி சிஓஇ ஆண்டுக்கு 12,000 வெள்ளி வீதம் கரைகிறது. கார் ஓடினாலும் புளோக்கின் கீழே நின்றாலும் மாதம் 1,000 வெள்ளி போய்க்கொண்டே இருக்கும். பெட்ரோலில் மிச்சமாவது இதில் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கைத்தான் ஈடுகட்டும். ஒரே அளவிலான இரண்டு கார்களில் எதை வாங்குவது என்று முடிவெடுக்க அந்தக் கணக்கு உதவும். கார் வாங்கலாமா என்று முடிவெடுக்க அது போதாது.

சாலை வரியும் ஹைபிரிட் என்பதால் குறைந்துவிடாது. இயந்திரக் கொள்ளளவு, மோட்டார் திறன் இரண்டில் எதன்படி வரி அதிகமோ அதுவே விதிக்கப்படும். 2,487 சிசி காருக்கு ஆண்டுக்குச் சுமார் 1,780 வெள்ளி ஆகும்.

பராமரிப்பில் கவனிக்க வேண்டியவை

ஹைபிரிட் காரில் இரண்டு மின்கலன்கள் உண்டு. மோட்டாரை இயக்குவது பெரியது. கணினியையும் கதவுப் பூட்டையும் இயக்குவது சாதாரண 12 வோல்ட் மின்கலன். தீபாவளிக்கு ஊருக்குப் போய் ஒரு மாதம் கழித்துத் திரும்புவோரைத் தவிக்கவிடுவது பெரும்பாலும் இந்தச் சிறியதுதான். அது இறங்கிவிட்டால், பெரிய மின்கலன் நிறைந்திருந்தாலும் கார் கிளம்பாது. நீண்ட நாள் வெளியூர் செல்வோர், உறவினர் ஒருவரிடம் சாவியைக் கொடுத்து வாரம் ஒருமுறை ஓட்டச் சொல்லலாம். முகப்பில் ‘ரெடி’ விளக்கு எரியும் நிலையில்தான் 12 வோல்ட் மின்கலன் மின்னூட்டம் பெறும். விளக்கையும் வானொலியையும் மட்டும் போட்டு வைத்தால் அது மேலும் இறங்கிவிடும்.

பல மாடல்களில் பெரிய மின்கலன் பின்னிருக்கைக்குக் கீழே உள்ளது; அதைக் குளிர்விக்கும் காற்று இருக்கையோரத் துவாரம் வழியாகச் செல்கிறது. பைகளோ துணியோ பொம்மையோ அதை அடைக்கக் கூடாது. அங்குள்ள வடிகட்டியைப் பராமரிப்பின்போது சுத்தம் செய்யச் சொல்லிக் கேளுங்கள். வெப்பம்தான் மின்கலனின் முதல் எதிரி. முடிந்தவரை கூரையுள்ள இடத்தில் நிறுத்துவது நல்லது.

மோட்டாரே பெருமளவு வேகத்தைக் குறைத்துவிடுவதால் பிரேக் கட்டைகள் மெதுவாகத் தேயும். அதே காரணத்தால், நம் ஈரப்பதத்தில் பிரேக் தட்டுகளில் துரு பிடிக்கலாம், பாகங்கள் இறுகிப்போகலாம். ஆண்டுக்கு ஒருமுறையாவது கழற்றிச் சுத்தம் செய்வது நல்லது. இயந்திரத்திற்கு இருப்பதுபோல், பல கார்களில் மின்மாற்றிப் பகுதிக்கும் தனிக் குளிர்விப்பு நீர் உண்டு. அதன் அளவையும் பார்க்க வேண்டும்.

ஆரஞ்சு நிறக் கம்பிகள் உயர் மின்னழுத்தம் கொண்டவை. பயிற்சி பெற்ற தொழில்நுட்பர் தவிர வேறு யாரும் அவற்றைத் தொடக் கூடாது. சின் மிங்கிலும் காக்கி புக்கிட்டிலும் பட்டறைகள் ஏராளம். அங்கு ஹைபிரிட் பயிற்சி பெற்றவர் இருக்கிறாரா என்பதை முதலில் கேளுங்கள். விலையை அடுத்துப் பேசலாம்.

உரிமைகளை அறிந்திருங்கள்

முகவரின் பட்டறையில்தான் பராமரிக்க வேண்டும், இல்லாவிட்டால் உத்தரவாதம் போய்விடும் என்ற கட்டுப்பாட்டை நீக்க, போட்டித்தன்மை ஆணையத்தின் தலையீட்டுக்குப்பின் கார் முகவர்கள் முன்வந்தது 2017 டிசம்பரில் அறிவிக்கப்பட்டது. எனினும் வெளிப் பட்டறையின் வேலையால் பழுது ஏற்பட்டால், அந்தப் பழுதுக்கு முகவர் பொறுப்பேற்க மாட்டார். ரசீதுகளைப் பத்திரமாக வைத்திருங்கள்.

2012 செப்டம்பர் 1 முதல் நடப்பில் உள்ள ‘லெமன் சட்டம்’ வணிகர்களிடம் வாங்கும் பழைய கார்களுக்கும் பொருந்தும். ஆறு மாதத்திற்குள் தெரியவரும் குறைபாடு, ஒப்படைத்தபோதே இருந்ததாகக் கருதப்படும். அப்படி இல்லை என்று நிரூபிப்பது விற்பனையாளரின் பொறுப்பு. தனிநபரிடம் நேரடியாக வாங்கினால் இந்தப் பாதுகாப்பு கிடைக்காது.

பத்தாவது ஆண்டின் கேள்வி

சிஓஇ பத்தாண்டுக்குச் செல்லும். அதன் பிறகு, முந்தைய மூன்று மாதச் சராசரிக் கட்டணத்தைச் செலுத்தி ஐந்து அல்லது பத்து ஆண்டுகளுக்குப் புதுப்பிக்கலாம். ஐந்தாண்டுக்குப் புதுப்பித்தால் பாதித் தொகைதான். ஆனால் மறுபடி நீட்டிக்க முடியாது. புதுப்பித்தவுடன் ‘பார்ஃப்’ எனும் திரும்பப் பெறும் தொகை கைவிட்டுப் போகும். சாலை வரியும் ஆண்டுதோறும் 10 விழுக்காடு கூடி, 50 விழுக்காடு வரை உயரும். சோதனைக்கும் ஆண்டுதோறும் அனுப்ப வேண்டும்.

ஹைபிரிட் உரிமையாளருக்கு இங்கே இன்னொரு கணக்கும் சேர்கிறது. பெரிய மின்கலனும் அதே நேரத்தில்தான் முதுமை அடைகிறது. சிஓஇயைப் புதுப்பித்த சில மாதங்களில் மின்கலனையும் மாற்ற நேர்ந்தால், இரண்டு செலவுகளும் ஒன்றாகத் தலையில் விழும். ஒன்பதாவது ஆண்டிலேயே மின்கலனைச் சோதித்து அறிக்கை பெறுவது நல்லது. பழைய ஹைபிரிட் வாங்குவோரும் விலை பேசும் முன் அந்த அறிக்கையைக் கேட்க வேண்டும்.

பார்ஃப் விதிகளும் மாறுபவை. 2023ல் அதற்கு 60,000 வெள்ளி உச்சவரம்பு கொண்டுவரப்பட்டது. நண்பருக்குக் கிடைத்த தொகை உங்களுக்கும் கிடைக்கும் என்று எண்ண வேண்டாம். உங்கள் காருக்குப் பொருந்தும் விதியை நிலப் போக்குவரத்து ஆணையத்தின் ‘ஒன்மோட்டாரிங்’ தளத்தில் சரிபாருங்கள்.

கையெழுத்திடும் முன் நான்கு கேள்விகள்

இது எந்த வகை ஹைபிரிட்? பெரிய மின்கலனுக்கு எத்தனை ஆண்டு உத்தரவாதம், சிஓஇ புதுப்பித்த பிறகும் அது தொடருமா? மின்கலனை மாற்ற இன்று என்ன விலை? குடும்பத்தில் ஒருவரின் வருமானம் நின்றாலும் மாதத் தவணையைக் கட்ட முடியுமா?

முதல் மூன்றுக்கும் விற்பனையாளரிடமிருந்து எழுத்தில் பதில் வாங்குங்கள். நான்காவதற்கான பதிலை வீட்டில் எல்லாரும் உட்கார்ந்து பேசித்தான் கண்டுபிடிக்க வேண்டும். அதைக் காட்சிக்கூடத்துக்குப் போகும் முன்பே பேசிவிடுவது நல்லது.