சிவப்புக் கோட்டுக்குள் ப்ளூஸ்

"மாமா, பாட்டு கேட்டுண்டே சாப்பிடலாம், வாங்கோ" என்று மருமான் கூட்டிப்போனான். தில்லி ஹௌஸ் காஸ் கிராமத்தில் மூன்றாவது மாடி. லிஃப்ட் இல்லை. என் முழங்காலை அவன் கேட்கவில்லை.

தட்டில் மோமோ. மூலையில் கிடார்காரர் சுண்டுவிரலில் கண்ணாடிக் குழாயொன்றை மாட்டித் தந்திமேல் வழுக்கினார். கோட்டுவாத்தியத்தில் மரக்கட்டை செய்கிற அதே வேலை. காந்தாரம் சாதாரணமா அந்தரமா என்று பிடிபடாமல் நடுவில் நின்று முனகியது. அந்த முனகல்தான் ப்ளூஸ்.

அமெரிக்காவின் மிசிசிப்பிப் பருத்திக் காடுகளில் வேலை செய்த கறுப்பின மக்களிடம் வளர்ந்த இசை. சனிக்கிழமை ராத்திரி வயலோரக் கொட்டகைகளில் பொரித்த மீனும் சாராயமும் விற்பார்கள். ஒருவர் கிடாரோடு உட்கார்ந்துவிடுவார். 1912-ல் டபிள்யூ. சி. ஹேண்டி 'மெம்பிஸ் ப்ளூஸ்' என்ற உருப்படியை அச்சில் கொண்டுவரும் முன்பே, அது பட்டிக்காட்டுச் சாப்பாட்டுக் கடைச் சரக்கு.

தில்லிக்கு மேற்கத்திய இசை வந்தது கோட்டு சூட்டோடு. கனாட் பிளேஸ் கேலார்டில் 1950-களிலேயே பேண்ட் உண்டு. 1974-ல் கரோல்பாக்கில் அறை எடுத்துத் தங்கிய குமாஸ்தாவான எனக்கு அதெல்லாம் வாசலோடு சரி. நமக்கு மெட்ராஸ் ஹோட்டல். கேட்கக் கேட்க சாம்பார், பாட்டு மட்டும் கிடையாது. ஆனால் பெரிய ஹோட்டலிலும் நம் பெண் ஒருத்தி பாடியிருந்தாள் என்பதில் எங்கள் அறைக்கே பெருமை. 1969-ல் மெட்ராஸ் சஃபையர் தியேட்டர் வளாகத்து நைன் ஜெம்ஸில் பட்டுப்புடவையோடு தொடங்கிய உஷா ஐயர், பின்னாளில் உஷா உதுப். தில்லி ஓபராயில் அவர் பாடக் கேட்டுத்தான் தேவ் ஆனந்த் சினிமாவுக்கு அழைத்தார்.

பெரிய ஹோட்டலில் இருந்த அந்த இசை ஹௌஸ் காஸ் கிராமத்துக்கு வந்தது ரசனையால் மட்டும் என்று நான் நம்பவில்லை. முக்கியக் காரணம் ரெவின்யூக்காரர்கள் போட்ட கோடு. 1908-ல் நிலவரி அளவையின்போது, வீடுகள் இருக்கும் நத்தத்தைச் சுற்றி வரைபடத்தில் சிவப்பு மையால் கோடிழுத்தார்கள். பெயர் லால் டோரா, சிவப்புக் கயிறு. உள்ளே நிலவரி கிடையாது. 1963-ல் கட்டட விதிகளிலிருந்தும் விலக்கு வந்தது. சீரி நகரத்துக்காக அலாவுதீன் கில்ஜி வெட்டிய குளத்தின் கரையிலிருந்த இந்த ஊரின் வயல்களை அரசாங்கம் எடுத்துக்கொண்டது. நத்தம் மட்டும் தங்கியது. பயிர் போன ஜாட் குடும்பங்கள் மாடிமேல் மாடி எழுப்பி வாடகைக்கு விட்டன. 1980-களின் கடைசியில் பீனா ரமணி துணிக்கடை திறந்தார், பின்னால் உணவகங்கள், அப்புறம் கிடார்.

விதி இல்லாத இடத்தில் சாக்கடைக்கும் விதி இருக்கவில்லை. 2013 செப்டம்பரில் பசுமைத் தீர்ப்பாயத்தில் வழக்கு வந்து முப்பதுக்கு மேற்பட்ட உணவகங்களை மூடினார்கள். சில நாளில், நிபந்தனைகளோடு, திரும்ப அடுப்பு எரிந்தது.

இறங்கி வந்தபோது வாசலில் கயிற்றுக்கட்டிலில் வீட்டுக்காரப் பெரியவர், ஹூக்காவோடு. "கானா கதம்?" என்றார். இந்தியில் சாப்பாட்டுக்கு ஒரு 'கானா', பாட்டுக்கு ஒரு 'கானா'. ஐம்பது வருஷம் இங்கே இருந்தும் என் தமிழ்க் காதுக்கு இரண்டும் ஒன்றுதான். தலையாட்டிவிட்டு ஆட்டோ பிடித்தேன்.