பீங்கானைப் புரட்டிப் பாருங்கோ: ஒரு விருந்து மேசையின் வரலாறு

வெள்ளை விரிப்பு. அதன் மேல் தங்கக் கரை போட்ட பழைய பீங்கான். இடப்பக்கம் இரண்டு மூன்று முள்ளுக்கரண்டி, வலப்பக்கம் கத்திகளும் சூப் கரண்டியும். கத்தியின் கூர்ப்பக்கம் பீங்கானைப் பார்த்தபடி இருக்க வேண்டும். கத்தி நுனிக்கு நேர் மேலே கண்ணாடிக் குவளைகள். ஐரோப்பிய விருந்து மேசை எண்டால் இதுதான் ஒழுங்கு.

கொழும்பு ஹோட்டல் கலியாணங்களிலும், வேலைக்குப் போகமுதல் மாணவருக்கு வைக்கிற மேசைப் பழக்க வகுப்புகளிலும் இந்த ஒழுங்கு எங்களுக்கு முன்னால் வந்து நிற்கிறது. எந்தக் கரண்டியை முதலில் எடுப்பது எண்டு தெரியாமல் பக்கத்து ஆளைக் களவாகப் பார்க்கிறவர்கள் எங்களில் கனபேர். கையால் சாப்பிட்டுப் பழகினது ஏதோ குறை மாதிரி ஒரு கூச்சம் வருகிறது.

ஆனால் பரம்பரை பரம்பரையாக இருந்துவந்தது போலத் தெரிகிற இந்த ஒழுங்கு, உண்மையில் அவ்வளவு பழையது இல்லை. மேசையில் இருக்கிற ஒவ்வொரு சாமானுக்கும் ஒரு பிறந்த ஆண்டு இருக்கிறது. அதைச் செய்த கைகளும் இருக்கின்றன. அந்தக் கதையைத் தெரிந்துகொண்டால் கூச்சம் கொஞ்சம் குறையும் எண்டு நினைக்கிறேன்.

சீனத்துப் பாத்திரம்

எங்கட ஊர்களில் சாப்பாட்டுத் தட்டுக்கே பீங்கான் எண்டுதான் பேர். சிங்களத்தில் அது 'பிங்கான'. கிண்ணத்தைக் குறிக்கும் 'பிங்கான்' என்ற பாரசீகச் சொல்லிலிருந்து வந்தது இது. பொருள் சீனத்தில் இருந்து வந்தது, பேர் பாரசீகத்தில் இருந்து வந்தது. இந்து சமுத்திர வியாபாரம் எப்படி நடந்தது எண்டதுக்கு இந்த ஒரு சொல்லே சாட்சி. மண்ணுக்குள்ளும் சாட்சி உண்டு. யாழ்ப்பாணத்துக்குப் பக்கத்தில் அல்லைப்பிட்டியில் 1970களின் கடைசியில் நடந்த அகழாய்வில் 11, 12ஆம் நூற்றாண்டுச் சீனப் பாத்திரத் துண்டுகள் வெளிவந்தன. ஐரோப்பிய அரண்மனைகள் சீனப் பீங்கானுக்கு ஏங்கத் தொடங்குவதற்குப் பல நூறு வருசத்துக்கு முன்னரே அது எங்கட கரையில் இறங்கிவிட்டது.

ஐரோப்பியருக்கு அந்த வெள்ளைப் பாத்திரம் பெரிய மர்மமாக இருந்தது. கயோலின் எனும் வெண்களியையும் ஒருவகைக் கல்லின் தூளையும் சேர்த்து 1300 பாகைக்குக் கிட்டச் சுட வேண்டும் எண்ட விசயம் அவர்களுக்குப் பிடிபடவில்லை. சக்சனி நாட்டை ஆண்ட அகுஸ்துஸுக்குப் பீங்கான் ஒரு பைத்தியமாகவே இருந்தது. 1717இல் தன்னுடைய 600 குதிரைப்படை வீரர்களைப் பிரஷ்ய மன்னனுக்குக் கொடுத்துவிட்டு, 151 சீனப் பாத்திரங்களை வாங்கினார். ஆளுக்குப் பாத்திரம், அப்படியொரு கணக்கு.

அதே அகுஸ்துஸிடம்தான் யொஹான் பிரீட்ரிக் பொட்கர் என்ற இளைஞர் கைதியாக அகப்பட்டிருந்தார். தங்கம் செய்யத் தெரியும் எண்டு பெருமை பேசி, அதனால் 1701இல் பிரஷ்யாவை விட்டு ஓடி வந்தவர். தங்கம் வரவில்லை. ஆனால் சீர்ன்ஹவுஸ் எனும் அறிஞரோடு சேர்ந்து 1708இல் பீங்கானின் இரகசியத்தைக் கண்டுபிடித்தார். 1710இல் மைசன் நகரக் கோட்டைக்குள் ஐரோப்பாவின் முதல் உண்மையான பீங்கான் தொழிற்சாலை தொடங்கியது. இரகசியம் வெளியே போகக் கூடாது என்பதால்தான் கோட்டை. அப்படியிருந்தும் பத்து வருசத்துக்குள் மைசனின் வேலையாட்கள் மூலம் அது வியன்னாவுக்குப் போய்விட்டது. பொட்கர் 1719இல், 37 வயதில் செத்துப்போனார்.

வெள்ளி எங்கிருந்து வந்தது?

இனி வெள்ளிக்கு வருவோம். 1545இல் இன்றைய பொலிவியாவில் இருக்கிற பொத்தோசி மலையில் வெள்ளி இருப்பதை ஸ்பானியர் அறிந்துகொண்டார்கள். 1570களில் 'மித்தா' என்ற கட்டாய ஊழிய முறை அங்கே நடைமுறைக்கு வந்தது. அந்தப் பிரதேசத்துப் பழங்குடி ஆண்களில் ஏழு பேருக்கு ஒருவர் முறை வைத்துச் சுரங்க வேலைக்குப் போக வேண்டும். வருசத்துக்கு ஏறக்குறைய 13,000 பேர். வெள்ளியைப் பிரித்தெடுக்கப் பாதரசம் கலந்தார்கள். அந்த நஞ்சிலும் சுரங்க இடிபாடுகளிலும் எத்தனையோ உயிர்கள் போயின.

அந்த வெள்ளி ஸ்பெயினோடு நிற்கவில்லை. பசுபிக் சமுத்திரத்தைத் தாண்டி மணிலாவுக்கும் அங்கிருந்து சீனத்துக்கும் போனது. சீனத்தில் வரியையே வெள்ளியில் கட்டவேண்டி இருந்ததால் அங்கே வெள்ளிக்கு நல்ல கிராக்கி. கைமாறாகக் கிடைத்தது பட்டும் பீங்கானும். அதாவது, விருந்து மேசையில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கிற வெள்ளிக்கும் பீங்கானுக்கும் உறவு மேசையில் தொடங்கியது இல்லை. ஒன்று மற்றதின் விலையாக இருந்தது.

பணக்கார வீடுகளில் வெள்ளிச் சாமான் ஒரு வங்கி மாதிரி. கஷ்டம் வந்தால் உருக்கிக் காசாக்கலாம். 1689இல் போர்ச் செலவுக்காகப் பதினான்காம் லூயி வெர்சாய் அரண்மனையின் வெள்ளித் தளபாடங்களையே உருக்கினார். 1709இல் திரும்பவும் ஒரு உருக்கல். வெள்ளித் தட்டை இழந்த பிரபுக்கள் மினுக்கம் பூசிய மண்தட்டுக்கு மாறினார்கள். மன்னன் பட்ட கடன்கூட மேசை நாகரிகத்தை மாற்றியிருக்கிறது.

கரண்டி வரிசை ஏன் வந்தது?

முள்ளுக்கரண்டியே இங்கிலாந்துக்குப் பிந்தி வந்த சாமான்தான். இத்தாலியர் அதால் சாப்பிடுவதைப் பார்த்துவந்து தோமஸ் கோரியற் 1611இல் எழுதினார். அதைப் பாவித்ததற்காக ஊரில் அவரைப் பகிடி பண்ணினார்கள். அதுவரை இங்கிலாந்தில் மேசையிலிருந்தவை கத்தியும் கரண்டியும் கையும்தான்.

18ஆம் நூற்றாண்டில் பெரிய வீடுகளில் நடந்தது பிரெஞ்சு முறை. நிறையச் சாப்பாட்டு வகைகளை ஒரேயடியாக மேசையில் பரப்பிவிடுவார்கள். கிட்ட இருப்பதை எடுத்துப் போட்டுக்கொள்ளலாம், தூர இருப்பதை மற்றவரிடம் கேட்டு வாங்கலாம். யோசித்துப் பார்த்தால் எங்கட வீட்டு மேசை இதற்குத்தான் கிட்ட வருகிறது.

19ஆம் நூற்றாண்டில் ரஷ்ய முறை பரவியது. சாப்பாட்டை ஒன்றன்பின் ஒன்றாகப் பணியாளர் கொண்டுவந்து பரிமாறுவார்கள். மேசை நடுவில் பாத்திரங்கள் இல்லாததால் அந்த வெறுமையை நிரப்பப் பூக்களும் மெழுகுதிரித் தண்டுகளும் வந்தன. ஒவ்வொரு வகைக்கும் தேவையான கரண்டியை முன்கூட்டியே அடுக்கவேண்டி வந்தது. வெளியில் இருப்பதை முதலில் எடு, உள்ளுக்குப் போ என்ற விதி அங்கேதான் பிறந்தது. மீனுக்கு ஏன் தனி வெள்ளிக் கத்தி? துருப்பிடிக்காத உருக்கு 20ஆம் நூற்றாண்டுச் சாமான். அதற்கு முந்திய உருக்குக் கத்தியில் எலுமிச்சம்புளி பட்டால் சாப்பாட்டில் இரும்பு வாடை ஏறும். வெள்ளியில் அந்தப் பிரச்சினை இல்லை.

அந்தக் காலத்திலேயே இந்தச் சாமான்கள் மலிவாகவும் தொடங்கின. அதற்கு முன்னரே, 1760களில், ஜொசையா வெட்ஜ்வுட் தன் வெண்சாந்து நிறப் பாத்திரத்துக்கு 'இராணியின் பாத்திரம்' எண்டு பேர் வைத்து, இராணி வாங்கினதையே விளம்பரமாக்கினார். 1774இல் ரஷ்யப் பேரரசி கத்தரீனுக்குச் செய்த பெரிய விருந்துத் தொகுதியை அனுப்பமுதல் இலண்டனில் காட்சிக்கு வைத்தார். 1840இல் பேர்மிங்ஹாமின் எல்கிங்டன் நிறுவனம் மின்முலாம் பூசுவதற்குக் காப்புரிமை எடுத்தது. மலிவான உலோகத்தில் மெல்லிய வெள்ளிப் படலம். கடைக்காரரும் எழுதுவினைஞரும்கூட வாங்கலாம்.

கரண்டி எல்லாரிடமும் வந்த பிறகு ஆளை எப்படித் தரம் பிரிப்பது? கரண்டியைப் பிடிக்கிற விதத்தால்தான். மேசைப் பழக்கம் சொல்லித்தரும் புத்தகங்கள் அந்த நூற்றாண்டில் நன்றாக விற்றதில் அதிசயம் இல்லை. நாங்கள் இன்று அனுபவிக்கிற அந்தக் கூச்சத்தை முதலில் அனுபவித்தவர்கள் இங்கிலாந்தின் நடுத்தர வகுப்பார்.

மேசைக்குக் கீழே

அந்தத் தட்டுகள் உருவான ஸ்டஃபர்ட்ஷயர் மட்பாண்ட ஊர்களுக்கு 1840களின் தொடக்கத்தில் சாமுவேல் ஸ்கிரிவன் எனும் அரசாங்க விசாரணையாளர் போனார். சின்னப் பிள்ளைகள் வேலை செய்வதை அறிக்கையில் பதிந்தார். ஈரத் தட்டை அச்சோடு தூக்கிக்கொண்டு கொதிக்கிற உலர்த்தும் அறைக்கு ஓடுவது, வெறும் அச்சோடு திரும்பி ஓடுவது. இதுதான் பல சிறுவர்களின் முழுநாள் வேலை. பெரியவர்களுக்குக் கல்தூசியால் நெஞ்சு வருத்தம், மினுக்கத்தில் கலந்த ஈயத்தால் நஞ்சேற்றம். மேசையில் அந்தப் பீங்கானில் ஒரு கீறல்கூட இருக்காது.

சீனிக் கிண்ணத்துக்கும் கதை உண்டு. 1791இல் அடிமை வியாபாரத்தை நிறுத்தும் மசோதாவை பிரித்தானிய நாடாளுமன்றம் தோற்கடித்தது. வாக்குரிமை இல்லாத பெண்கள் உட்படப் பல்லாயிரம் பேர் கரிபியன் சீனியை வாங்காமல் விட்டார்கள். 1820களில், அடிமைகள் செய்யாத கிழக்கிந்தியச் சீனி எண்டு எழுதிய கிண்ணங்களே விற்பனைக்கு வந்தன. ஒரு சாப்பாட்டு மேசை அரசியல் மேடையாக மாறியது.

ஆனால் அடிமைமுறை ஒழிந்ததும் கரும்புத் தோட்டங்களுக்கு வேறு கைகள் தேவைப்பட்டன. 1834 முதல் மொரீசியசுக்கும் 1860 முதல் நேட்டாலுக்கும் ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்களில் தமிழரும் இருந்தார்கள். 1867இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை நட்ட பிறகு, அதே பீங்கான் கோப்பைகளை நிரப்பியவர்கள் எங்கட மலையகத் தமிழர். கோப்பை கைமாறிக்கொண்டே போனது. கொழுந்து பறித்தவர்களுக்கோ 1948இன் பிரசாவுரிமைச் சட்டம் நாடே இல்லை எண்டு சொல்லியது.

பின்பக்கத்தில் என்ன எழுதியிருக்கு?

இதையெல்லாம் சொல்லி, பழைய பீங்கானை வெறுக்கச் சொல்லவில்லை. அவற்றின் வடிவும் வேலைப்பாடும் உண்மையிலேயே அழகு. அந்த அழகு தொழிலாளியின் கைக்குச் சொந்தம். ஆகவே பழைய சாமான் கையில் கிடைத்தால் பின்பக்கத்தை வாசியுங்கோ. இரண்டு வாள்கள் குறுக்காக இருந்தால் அது மைசனின் அடையாளம். ஆனால் அதைப் போலியாகப் போட்டவர்களும் கனபேர். பிரித்தானியக் கரண்டியில் நடக்கிற சிங்கம் பொறித்திருந்தால் நூற்றுக்கு 92.5 பங்கு வெள்ளி. 'இபிஎன்எஸ்' எண்டு இருந்தால் மேலே முலாம் மட்டும்தான். பீங்கானில் நாட்டின் பேர் இருந்தால் அது பெரும்பாலும் 1891க்குப் பிந்தியது. அந்த வருசம்தான் இறக்குமதிப் பொருளில் நாட்டின் பேர் வேண்டும் எண்ட அமெரிக்கச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. 'ஆக்கிரமிக்கப்பட்ட ஜப்பான்' எண்டு ஆங்கிலத்தில் அச்சடித்த கோப்பைகள்கூட உண்டு, இரண்டாம் உலகப் போருக்குப் பிந்திய சில வருசங்களின் அடையாளமாக.

கொழும்பு ஹோட்டல் மேசையில் எந்தக் கரண்டி எண்டு தெரியாமல் போனால், வெளியில் இருப்பதை எடுங்கோ. அவ்வளவுதான் விசயம். சாப்பிட்டு முடிந்ததும் பீங்கானை ஒருக்காப் புரட்டிப் பாருங்கோ. ஜப்பானின் நொரிட்டாக்கே நிறுவனம் 1970களிலிருந்து மாத்தளையில் பீங்கான் செய்விக்கிறது. நீங்கள் பயந்து பயந்து தொட்ட அந்தத் தட்டைச் சுட்டெடுத்தது எங்கட நாட்டுத் தொழிலாளியாகவும் இருக்கலாம்.